அது நரம்பு இல்லை, ரத்தக் குழாய்

போன வாரமும் ஒருவரின் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. டீக்கடை வைத்திருப்பவர், வயது 56. 12 வருடச் சர்க்கரை, அதைவிடப் பழைய பீடிப் பழக்கம். பஸ் ஸ்டாண்டு வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். "நரம்பு வீக்" என்று யாரோ சொல்ல, 8 மாதமாக பி12 ஊசி போட்டிருக்கிறார். பாதம் சில்லென்று இருக்கிறதே என்று மனைவி தினமும் ராத்திரி வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையால் மரத்த பாதத்துக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம், புண், கறுத்த விரல். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி போடத் தேடுவதும் நரம்பு, காலில் நீலமாகச் சுருண்டு புடைப்பதும் நரம்பு, மரத்துப்போனாலும் நரம்பு. முதல் இரண்டும் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். மரத்துப்போவதுதான் உண்மையில் நரம்புக் கோளாறு. நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற கெண்டைக்கால் வலி இரண்டிலும் சேராது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனியில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய வலி அது. மாரடைப்பு வரவைக்கிற அதே படிவுதான். அதை வைட்டமின் ஊசி திறக்காது. வெந்நீரும் திறக்காது. சூடேறிய சதை இன்னும் அதிக ரத்தம் கேட்கும், வருவதற்கு வழி ஏது? தயவுசெய்து சில்லிட்ட காலுக்கு ஒத்தடம் கொடுக்காதீர்கள். பருத்திச் சாக்ஸ் போதும்.

முதலில் புறங்காலில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சக மருத்துவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு ஏறி விறைத்திருக்கும், கணக்கு பொய்யாக அதிகம் காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

பீடி, சிகரெட்டை விட வேண்டும். குறைக்கிறேன் என்ற பேரமே வேண்டாம். "கொலஸ்ட்ரால் நார்மல்தானே" என்று கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேடினை நிறுத்தாதீர்கள், ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்காக மட்டும் அதைத் தருவதில்லை. புண் இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடங்கள். வாரம் 3 நாளாவது இப்படி நடந்தால் சில மாதங்களில் பலருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது.

1964-லேயே அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டிக்குக் குழாய் செலுத்தி அடைப்பை விரித்தார். அந்தம்மா தன் காலிலேயே நடந்தார். இன்று பலூன், ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் இருக்கின்றன. சதை அழுகிய பிறகு வந்தால் இவற்றால் அந்தச் சதையை மீட்க முடியாது.

படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் குறைகிறதா? இந்த வாரமே காட்டுங்கள். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.