புது வண்டிக்குள் ஓர் அம்மி

திண்டுக்கல்லில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "புதிதாக 150 சிசி பைக் வாங்கியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டாதே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை சிறுமலைப் பக்கமே போகாதே என்கிறார் அப்பா. நண்பனோ, முதல் நாளிலேயே நன்றாக முறுக்கி ஓட்டினால்தான் பிக்கப் நிற்கும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?"

ஆயுத பூஜைக்கு எடுத்த வண்டியாக இருக்க வேண்டும். சந்தனமும் குங்குமமும் காய்வதற்குள் வந்துவிட்ட கேள்வி. அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நண்பன் சொல்வதிலும் இருக்கிறது. எது எங்கே பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, சிலிண்டருக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான்கு வீச்சு இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும், பிஸ்டன் அழுத்தும், பிளக் தீப்பொறி விடும், வெடிக்கும், புகை வெளியேறும். நமக்கு வேண்டியது, பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டனைச் சுற்றி இரண்டு மூன்று கோடுகளாக மட்டும் காட்டியிருப்பார்களே, அந்த ரிங்.

பிஸ்டன் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டு ஓடுவதில்லை. சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதால் நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த வழியாக வெடித்த வாயு கீழே நழுவாமல் அடைப்பதுதான் மேல் ரிங்கின் வேலை. ஒரு பக்கம் வெட்டுப்பட்ட, ஸ்பிரிங் போல விறைப்புள்ள உலோக வளையம் அது. 1850களில் நீராவி ரயில் இன்ஜின்களுக்காக ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொண்டுவந்த உத்தி. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

இங்கே ஒரு விஷயம் எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. ரிங் தன் விறைப்பால் மட்டும் சிலிண்டர் சுவரை அழுத்துவது மிகக் குறைவு, ஒன்று அல்லது இரண்டு வளிமண்டல அழுத்தம்தான். உங்கள் பைக் டயருக்குள் இருக்கும் காற்றே அந்த அளவு அழுத்தும். முழுதாக முறுக்கும்போது வெடிப்பின் உச்சத்தில் சிலிண்டருக்குள் எழுவதோ ஐம்பது வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தம். இத்தனை பெரிய தள்ளுமுள்ளை அந்த மெலிந்த ரிங் எப்படித் தடுத்து நிறுத்தும்?

தடுப்பதற்கான பலத்தை அந்த வாயுவிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளமான காடி, ரிங்கைவிட மயிரிழை அகலம். வாயு மேலிருந்து அழுத்தியதும் ரிங் காடியின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும், மேலே ஒரு சந்து திறக்கும். வாயு அதில் புகுந்து ரிங்கின் முதுகுப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து சுவரை நோக்கித் தள்ளும். வெடிப்பு எவ்வளவு பலமோ, அடைப்பும் அவ்வளவு இறுக்கம். வெடிப்பு தணிந்தால் பிடியும் தளரும். வெள்ளம் வந்தால் மட்டும் தானே சாத்திக்கொள்ளும் மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால், நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் இந்தக் கதவு நொடிக்கு ஐம்பது முறை அறைந்து சாத்தப்படுகிறது.

சரி, கதவு நன்றாக இருக்கிறது. அது சாத்தும் நிலை, அதாவது சிலிண்டர் சுவர், எப்படி இருக்கிறது?

சிலிண்டர் சுவரைக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகச் செய்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். வேண்டுமென்றே கொத்தி வைத்திருப்பார்கள். நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைபடாது. கொத்திய குழிகள்தான் பிடித்துக் கொடுக்கின்றன. சிலிண்டர் சுவரில் அப்படிப் பிடித்து நிறுத்த வேண்டியது ஆயிலை. தேய்ப்புக்கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, ஒன்றையொன்று சாய்வாக வெட்டும் நுண்கோடுகளைப் போடுகிறார்கள். மெக்கானிக்குகள் ஹோனிங் என்பது இதைத்தான். கோடுகளின் ஆழம் சில மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அம்மி கொத்தச் சிற்பியா வேண்டும் என்று கேட்பார்கள். இந்த அம்மிக்குக் கட்டாயம் வேண்டும்.

அந்தக் கோடுகளில் ஆயில் ஏன் தங்க வேண்டும்? ரிங் வேகமாக ஓடும்போது சிக்கலில்லை. தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் மிதப்பதுபோல ஆயில் படலத்தின் மேல் ரிங் மிதந்துவிடும். ஆனால் பிஸ்டன் உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நின்றுதானே திரும்ப வேண்டும்? நின்றால் மிதப்பு போய்விடும். போதாக்குறைக்கு, வெடிப்பு உச்சத்தை எட்டுவதும் அந்த இடத்தை ஒட்டித்தான். ஆயில் மெலிந்து, சூடு மிகுந்து, அழுத்தமும் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு விரற்கடை இடத்தில் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆயில்தான் காப்பாற்றுகிறது. பழைய சிலிண்டரைக் கழற்றினால் மேல்பக்கம் நகத்தில் தட்டுப்படும் மேட்டை மெக்கானிக் காட்டுவார். ரிங் எட்டாத உச்சி தேயாமல் நிற்க, அதற்குச் சற்றுக் கீழே குழிந்திருக்கும்.

புதிதாகக் கொத்திய அம்மியில் யாரும் நேராகச் சட்னி அரைக்க மாட்டார்கள். தவிட்டைப் போட்டு நாலைந்து முறை அரைத்துக் கழுவிக் கொட்டுவார்கள். கொத்திய விளிம்புகளில் நிற்கும் முனைகள் உடைந்து கல்லாக வரும், அது போய்த் தீர வேண்டும். புது சிலிண்டரிலும் இதேதான். கோடுகளுக்கு நடுவே நுண்ணிய மேடுகள் நிற்கின்றன, ரிங்கின் முகத்திலும் மேடு பள்ளம் உண்டு. இரண்டும் உரசி, மேடுகள் மட்டும் மழுங்கி, பள்ளங்கள் பள்ளங்களாகவே நிற்க வேண்டும். வண்டியைப் பழக்குவது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். கியர், கிளட்ச், பேரிங் எல்லாமும் கொஞ்சம் படியும். அவற்றுக்குத் தனி வைத்தியம் தேவையில்லை.

அப்பா பயப்படுவது இந்த மேடுகளை நினைத்து என்று வைத்துக்கொண்டால், பயம் நியாயமானது. மேட்டோடு மேடு உரசும்போது அந்தப் புள்ளிகளில் சூடு எகிறும். நிற்காமல் நாற்கரச் சாலையில் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் விரட்டினால் மேடுகள் மழுங்குவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பிய்ந்து, சுவரில் கீறல் விழலாம். அந்தக் காலத்து இன்ஜின்களில் ஹோனிங் கரடுமுரடு, ஆயிலும் சுமார். பிஸ்டன் பிடித்துக்கொள்வது நிஜமாகவே நடந்தது. கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஓரமாகப் போனவர்கள் காரணத்தோடுதான் போனார்கள்.

நண்பன் பக்கம் ஒரு பலமான சாட்சி இருக்கிறது, அதுவும் வானத்தில். பயிற்சி விமானங்களுக்கு இன்ஜின் செய்யும் அமெரிக்க நிறுவனமான லைக்கமிங், புது இன்ஜினை மெதுவாக ஓட்டு என்று சொல்வதில்லை. 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்டு, குறைந்த சக்தியில் இழுத்துக்கொண்டே இருக்காதே என்கிறது. முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, சேர்மானம் அதிகமில்லாத சாதாரண மினரல் ஆயிலைத்தான் ஊற்றச் சொல்கிறது. காரணம் அந்த மதகுக் கதைதான். வெடிப்பில் அழுத்தம் இல்லாவிட்டால் ரிங்கை முதுகில் தள்ள ஆளில்லை. மேடு மழுங்காது, ஆயிலையும் சரியாக வழிக்க முடியாது. சுவரில் தங்கும் ஆயில் சூட்டில் தீய்ந்து, கோடுகளுக்குள் வார்னிஷ் பூசியதுபோல் படிந்துவிடும். அப்புறம் சுவர் பளபளக்கும், ஆயில் நிற்காது, ரிங்கும் படியாது. வழுவழுத்துப்போன அம்மி.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். என் முதல் புது வண்டியை, ஒரு 100 சிசி பைக், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இரண்டாயிரம் கிலோமீட்டர் முப்பதிலேயே ஓட்டினேன். வருடம் திரும்புவதற்குள் ஆயில் குடிக்க ஆரம்பித்தது, சைலன்சரில் நீலப் புகை. மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே முகம் பார்க்கலாம். "ஒண்ணும் தப்பு பண்ணல சார், பாசம் கூடிப்போச்சு" என்றார். ஹோனிங் போட்டு, ரிங் மாற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு வண்டியை வைத்துச் சட்டம் போட முடியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பளபளப்பு மறக்கவில்லை.

இன்றைய வண்டிக்கு இதெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும்? முன்பைவிடக் குறைவாக. இப்போது பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஹோனிங்கை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் ஆழமாகக் கோடு, பிறகு நுண்ணிய கல்லால் மேட்டின் தலையை மட்டும் சீவிவிடுவது. தவிடு அரைக்கும் வேலையில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் நடப்பதும் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான். இருந்தும் கம்பெனிகள் கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடவில்லை. டொயோட்டா கார்களின் கையேடு முதல் 1000 கிலோமீட்டருக்கு அதிவேகம் வேண்டாம் என்கிறது. கூடவே, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே என்றும் சொல்கிறது. பலரும் படிக்காமல் விடும் வரி அந்த இரண்டாவதுதான்.

ஆகவே நாற்பதிலேயே உருட்டுவதும் வேண்டாம், கதறக் கதற முறுக்குவதும் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகு, பாதி அல்லது அதற்குச் சற்று மேல் சில நொடி முறுக்கி வேகம் எடுத்து, ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே வேகம் குறையவிட்டு, மறுபடி எடுக்க வேண்டும். டாப் கியரில் இருபத்தைந்தில் திணறவிடுவது, வேகமாக ஓட்டுவதைவிட மோசம். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். வடிகிற ஆயிலைப் பாருங்கள், வெயிலில் மினுக்கும் பொடி தெரியும். சீவப்பட்ட மேடுகள்தான் அவை. உங்கள் வண்டிக் கையேடு இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்குவதால் ரிங்குக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் பூஜை போட்ட கையோடு திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த அறுபது கிலோமீட்டர் உண்மையிலேயே நல்ல பழக்கம். ஊர், வேகத்தடை, பஸ், ஆடு மாடு என்று வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முருகனுக்கு இன்ஜின் தெரியுமா என்று கேட்காதீர்கள், ரோட்டுக்குத் தெரியும்.

சின்னதாக ஒரு புலம்பல். பின்லாந்தின் விடிடி நிறுவனமும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகமும் சேர்ந்த ஒரு குழு 2012இல் கணக்குப் போட்டது. இன்ஜின், கியர், டயர், பிரேக் எல்லாம் சேர்த்து, கார் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது. கோடிக்கணக்கில் பைக் ஓடும் நாட்டில், உராய்வைப் படிப்பவர்களுக்குப் பணம் கொட்ட வேண்டாமா? ராக்கெட் விட்டால் மாலை போடுகிறோம். ரிங்கில் ஒரு மைக்ரான் தேய்மானத்தைக் குறைத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

கடைசியாகச் சிறுமலை. இன்ஜினுக்காக யோசிக்க வேண்டாம். தனியாளாக, நடுவே ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஏறினால் ரிங்குக்கு நல்லதுதான். இறங்கும்போது கியரிலேயே இறங்கலாம். ஆனால் அங்கே 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, உங்கள் டயரோ புதிது. வார்ப்பில் இருந்து வந்த வழுவழுப்புத் தோல் தேய்ந்து சொரசொரப்பு வர 100, 150 கிலோமீட்டராவது ஓட வேண்டும். பிரேக் கட்டையும் டிஸ்க்கோடு இன்னும் படிந்திருக்காது. அதுவரை போக வேண்டாம். அப்பாவிடம் டயருக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அந்த நாற்பதைப் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்காதீர்கள்.