எண் = எண் + 1: இது எப்படிச் சரியாகும்?

அக்கா மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று லேப்டாப்பில் பைத்தான் என்ற நிரல் (புரோகிராம்) மொழியைத் திறந்து கொடுத்தேன். மூன்றாம் நாளே பஞ்சாயத்து. "சித்தி, இந்த வரி தப்பு. ஆனா ஓடுது!" என்றாள். திரையில் இருந்தது இதுதான்:

எண் = எண் + 1

(தமிழில் பெயர் வைத்தால் ஏற்குமா என்று கேட்காதீர்கள். பைத்தான் 3 தாராளமாக ஏற்கும்.)

அவள் கணக்கில் கெட்டி. இரண்டு பக்கமும் 'எண்'ணைக் கழித்துக் காட்டினாள். மிஞ்சியது 0 = 1. "இதை எங்க கணக்கு மிஸ் பார்த்தா நோட்டைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க" என்றாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நிரல் எழுதக் கற்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இந்தக் குறிதான். லூப், ஃபங்ஷன் எல்லாம் அப்புறம் வருகிற கஷ்டங்கள்.

= என்ற குறியை 1557இல் கணக்குக்குக் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்ட். 'இதற்கு அது சமம்' என்று ஒவ்வொரு முறையும் எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1957இல், ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். அதில் இதே குறிக்கு வேறொரு வேலையைக் கொடுத்தார்கள். கணக்கில் அது ஒரு செய்தி: இரண்டு பக்கமும் சமம். நிரலில் அது ஒரு கட்டளை: வலப்பக்கம் இருப்பதைக் கணக்கிடு, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வை.

ஆகவே அந்த வரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'எண்' என்ற பெயரில் இப்போது 5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி முதலில் வலப்பக்கம் போகிறது. நினைவகத்திலிருந்து 5ஐ எடுத்துவருகிறது. செயலி அதில் 1ஐக் கூட்டி 6 ஆக்குகிறது. பிறகுதான் இடப்பக்கம் வந்து, 'எண்' என்றால் இனி 6 என்று வைக்கிறது. வலப்பக்கத்து 'எண்' பழையது, இடப்பக்கத்து 'எண்' புதியது. நடுவில் நேரம் கொஞ்சம் ஓடியிருக்கிறது. பள்ளிக் கணக்கில் நேரம் என்பதே கிடையாது. அங்கே 'எண்' 5 என்றால் அந்தக் கணக்கு முடியும்வரை 5தான்.

இந்த நேர விஷயம் புரியாமல் மேலே போகவே கூடாது என்பது என் கட்சி. அவளுக்கு ஒரு சின்னச் சோதனை வைத்தேன்.

விலை = 100
கட்டணம் = விலை
விலை = 120

இப்போது கட்டணம் எவ்வளவு? "120" என்றாள், யோசிக்காமல். எக்செல் பழகியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எக்செலில் ஒரு கட்டத்தில் =ஏ1 என்று போட்டுவிட்டால், ஏ1 மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறும். நிரலில் அப்படி இல்லை. இரண்டாம் வரி ஓடிய நொடியில் விலை 100, அதனால் கட்டணம் 100. அதோடு அந்த வரியின் வேலை தீர்ந்தது. பின்னால் விலை என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை.

அவளுக்கு இன்னொரு சந்தேகம்: "கட்டணம்னு பேர் வச்சிருக்கோமே, அதுக்குத் தெரியாதா?" தெரியாது. எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பல வருஷமாகக் கடுகுதான் இருக்கிறது. பாட்டிலைப் பார்த்து ஹார்லிக்ஸ் கலக்கப் போனால் யார் தப்பு? 'பெரியது' என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் மட்டும், இருக்கிற எண்களில் பெரியதைக் கணினி தேடி அதில் போடாது. பெயர் நம் வசதிக்கு. 1986இல் ராய் பீ என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் மனதில் நினைப்பதைப் புரிந்துகொள்ளும் ஓர் அறிவு அந்த இயந்திரத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கைதான் புதியவர்களின் பல தவறுகளுக்கும் வேர் என்று சொல்லி, அதற்கு 'சூப்பர்பக்' (பெரும்பிழை) என்று பெயரும் வைத்தார்.

சரி, இதற்கு மருந்து என்ன? பேப்பரும் பென்சிலும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பத்தி போட்டு, நாமே கணினியாக மாறி வரிவரியாக ஓட்டிப் பார்ப்பது. மதிப்பு மாறும்போது பழையதை அடித்துவிட்டுப் புதியதைக் கீழே எழுத வேண்டும். 1 முதல் 5 வரை கூட்டும் நிரலை எடுத்துக்கொண்டோம். தொடக்கத்தில் மொத்தம் 0, எண் 1. எண் 5ஐத் தாண்டாதவரை இந்த இரண்டு வரிகளும் திரும்பத் திரும்ப ஓட வேண்டும்:

மொத்தம் = மொத்தம் + எண்
எண் = எண் + 1

மொத்தத்தின் பத்தியில் 1, 3, 6, 10, 15 என்று இறங்கியது. விடை சரி. "ரெண்டு வரியையும் மேல கீழ மாத்திப் போட்டா?" என்று அவளே கேட்டாள், அவளே பென்சிலை எடுத்தாள். 2, 5, 9, 14, 20. முதல் சுற்றிலேயே எண் 2 ஆகிவிட்டதால் 1 விட்டுப்போனது. கடைசிச் சுற்றில் 6 உள்ளே வந்துவிட்டது. அதே இரண்டு வரிகள்தான், விடையில் 5 வித்தியாசம். எண் = எண் + 1 என்ற வரியை எழுதவே மறந்திருந்தால் எண் என்றைக்கும் 1 ஆகவே இருந்து, நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். அதுவும் ஒருநாள் நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

= என்பதைக் கட்டளைக்குக் கொடுத்துவிட்டால், 'இரண்டும் சமமா?' என்று கேட்பதற்கு வேறு குறி வேண்டுமே. அல்கால், பாஸ்கல் போன்ற மொழிகள் கட்டளைக்கு := என்று எழுதி, = குறியைக் கேள்விக்கே விட்டுவைத்தன. எனக்கு அதுதான் நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. ஆனால் கென் தாம்ஸன் தன் பி மொழியில் கட்டளைக்கு வெறும் = போட்டார். பி-யிலிருந்து வந்த சி மொழிக்கும் அது ஒட்டிக்கொண்டது. அது ரசனையைப் பொறுத்த முடிவு, இன்னும் சர்ச்சை ஓயவில்லை என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்ச்சியே பின்னாளில் எழுதினார். கேள்விக்கு == வந்தது. சி வழியாக ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

== என்பதில் ஒரு = குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003 நவம்பரில் நடந்ததைச் சொல்லலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரல் பிரதி ஒன்றில் யாரோ இரண்டு வரிகளைச் செருகினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், 'பயனர் எண் 0ஆக இருந்தால் பிழை சொல்' என்ற சாதாரணச் சோதனை. ஆனால் அங்கே இருந்தது == அல்ல, =. அதாவது 'பயனர் எண்ணை 0 ஆக்கு'. லினக்ஸில் 0 என்பது ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். இன்னொரு தந்திரமும் அதற்குள் இருந்தது. சி மொழியில் 0 என்றால் 'இல்லை' என்று பொருள். ஆகவே நிபந்தனை தோற்றுப்போய், பிழைச் செய்தியும் வராது. அதிகாரம் சத்தமில்லாமல் கைமாறியிருக்கும். அந்தப் பிரதி மூலக் களஞ்சியத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது உடனே தெரியவந்ததால், அசல் கெர்னலுக்குள் அது நுழையவே இல்லை.

கதையைக் கேட்டுவிட்டு, பைத்தானிலும் அப்படி ஏமாற்ற முடியுமா என்று பார்க்க, நிபந்தனை கேட்கும் இஃப் வரியில் வேண்டுமென்றே வயது = 18 என்று அடித்தாள். பைத்தான் ஓட மறுத்தது. புதிய பதிப்பாக இருந்ததால், '= என்பதற்குப் பதில் == என்று சொல்ல வந்தாயோ?' என்று ஆங்கிலத்தில் கேள்வியும் கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குது பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு = போட்டாள். ஓடியது.