மாடித்தோட்டம் போடுங்கள், மண்ணைக் கொட்டாதீர்கள்

இந்த மழைக்கும் அதே புகார். படுக்கையறை சீலிங் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்திருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தால், மொட்டை மாடியில் செங்கல் வரப்பு கட்டி, ஒரு அடி உயரத்துக்கு மண் கொட்டி முருங்கை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த செடிப் பையை நகர்த்தினேன். அடியில் தளத்தில் பதித்த ஓடு கறுத்துப்போய், இணைப்புச் சாந்து புட்டு மாதிரி விரலோடு வந்தது.

"செடிதானே சார், என்ன வெயிட்டு வந்துடப் போகுது?" என்கிறார் வீட்டுக்காரர்.

செடியை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். நனைந்த மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. பத்துக்குப் பத்தடி இடத்தில் ஒரு அடி உயரம் போட்டால் 5 டன்! சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டுகிறது. ஆட்கள் நடமாடும் மாடிக்கு, கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்வது 150 கிலோ. 'கோடை முழுக்கத் தாங்கியதே' என்று வாதாடாதீர்கள். காய்ந்த மண் வேறு, ஐப்பசியில் ஊறிய மண் வேறு.

மாடித்தோட்டம் நல்லது, சந்தேகமே இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த வெற்றுத் தளம் ராத்திரியும் அறைக்குள் அனலை இறக்குகிறது. இலை நிழலும் ஈரமும் அதைக் குறைக்கும். மழைநீர் தெருவுக்கு ஓடுவதும் தாமதப்படும். ஆனால் வெள்ளத்தையே தடுக்கும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 10 செ.மீ. மண் ஏறக்குறைய 3 செ.மீ. மழையைத்தான் பிடித்துவைக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ.

கனடாவின் டொராண்டோ நகரம் 2009இல் பெரிய புதுக் கட்டடங்களுக்குப் பசுமைக் கூரையை, அதாவது செடி வளர்க்கும் கூரையை, சட்டமாக்கியது. புதுக் கட்டடம் என்றால் அந்தப் பாரத்தை வரைபடத்திலேயே கணக்கில் சேர்த்துவிடலாம். நாமோ இருபது வருஷப் பழைய தளத்தில் ஏற்றுகிறோம்.

முதலில் எஞ்சினீயரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டுங்கள். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கசிந்தால் அதைச் சரிசெய்யாமல் ஒரு தொட்டிகூட வேண்டாம். பைகளை ஸ்டாண்டில் வையுங்கள், சுவருக்கும் பீமுக்கும் மேலாக. அறையின் நடுவில் வேண்டாம், சன்ஷேடில் வேண்டவே வேண்டாம். மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலந்தால் பாரம் குறையும். தண்ணீர் ஓடும் வாட்டத்தை மறிக்காதீர்கள். மரம் வேண்டாம்.

மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், அதாவது மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட பழைய தளத்தின் கீழ், இருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மரச்சட்டம் சுவருக்குள் போகும் முனையில்தான் உளுக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. உங்கள் செடிகள் தரையிலேயே இருக்கட்டும்.