தண்ணீரை எந்த மாதத்தில் அளந்தீர்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளைத் தயாரிப்பதும், பிறர் தயாரித்தவற்றைச் சரிபார்ப்பதும் என் தொழில். ஓர் அறிக்கை கைக்கு வந்தவுடன் மண்ணில் துளையிட்ட பதிவுத் தாளைத் தேடி எடுத்து, அதன் மூலையில் எழுதப்பட்டிருக்கும் தேதியை முதலில் பார்ப்பேன். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையின்போது பெய்துவிடுவதால், ஒரே மனையில் மே மாதத்து நிலத்தடி நீரும் டிசம்பர் மாதத்து நிலத்தடி நீரும் இரண்டு வெவ்வேறு ஊர்களின் நீர் போல இருக்கும்.

தென்சென்னையில் பெரும்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், ஐந்து ஏக்கரில் ஐந்நூறு வீடுகளும் இரண்டு கீழ்த்தள வாகன நிறுத்தங்களும் கொண்ட ஒரு திட்டத்தின் அறிக்கை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. மே மாதத்தில் இட்ட துளைகளில் 4.2 மீட்டர் ஆழத்தில் நீர் கண்டதாக அதில் இருந்தது. அடுத்த தெருவில் பழைய உறைகிணறு ஒன்றைப் பார்த்து, அவ்வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன். "மழைக் காலத்துல கயிறே வேணாம் சார், குனிஞ்சு மொண்டுக்கலாம்" என்றார். டிசம்பரில் மறுபடி அளந்தபோது மனையில் நீர்மட்டம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் நின்றது.

இந்த வேறுபாடு கட்டடத்தின் அடித்தளத்தையே தொடுகிறது. ஒரு மீட்டர் உயர நீர், சதுர மீட்டருக்கு ஒரு டன் விசையோடு தளத்தை மேல்நோக்கித் தள்ளும். ஏழு மீட்டர் ஆழத்தில் அமையும் கீழ்த்தளத்தை, சதுர மீட்டருக்கு மே மாதக் கணக்குப்படி 2.8 டன்னும், டிசம்பர்க் கணக்குப்படி 6.3 டன்னும் மேல்நோக்கித் தள்ளும். மேலே பதினைந்து மாடிகளின் எடை உள்ள இடத்தில் இதனால் பெரிய கேடில்லை. மேலே வெறும் பூங்காவும் நடைபாதையும் மட்டுமே உள்ள பகுதியில்தான் தளம் தூக்கிக்கொண்டு வெடிக்கிறது. குழி தோண்டும் மாதங்களில் இரவு பகலாக மோட்டார் வைத்து நீரை இறைக்கும்போது அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றுவதோடு, நீர் நீங்கிய களிமண் அமுங்கி அண்டை வீட்டுச் சுவர்களில் விரிசல் விழவும் கூடும். நான் பார்த்த அறிக்கைகள் பெரும்பாலும் இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை.

மழைநீர்ச் சேகரிப்பிலும் இதே பிழைதான். ஐந்து ஏக்கரில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் இருபது லட்சம் லிட்டர் நீர் சேரும். அறிக்கை இத்தனை உறிஞ்சுகுழிகள், இவ்வளவு கொள்ளளவு என்று கணக்குக் காட்டும். ஆனால் நீர்மட்டம் 70 சென்டிமீட்டரில் நிற்கும் களிமண் நிலத்தில் அந்தக் குழிகள் மழைக்கு முன்பே நிறைந்திருக்கும். அத்தகைய மனையில் மழைநீரைப் பெரிய தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துவதே பொருத்தம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையிலான கடலோர மணல் நிலத்தின் கதை வேறு. அங்கே நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அந்த ஒரு மீட்டரை ஆழ்துளைக் கிணறுகள் இழுத்துவிட்டால் கீழிருந்து உப்புநீர் எவ்வளவு ஏறிவரும் என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடும். உறிஞ்சுகுழிக்கு உரிய இடம் அந்த மணல்தான்.

மண் ஆய்வில் வேறொரு வேடிக்கை. அந்த அறிக்கையில் மண்ணின் கார அமிலத் தன்மையோடு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து அளவுகளும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தன; அங்கே யாரும் நெல் விதைக்கப் போவதில்லை என்பதை விட்டுவிடலாம். மாதிரி எடுக்கப்பட்டது மேலிருந்து 15 சென்டிமீட்டருக்குள். மனையை உயர்த்துவதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய செம்மண் கிராவல்தான் அது. ஆய்வகம் பிழையின்றிச் சோதித்தது வேறெங்கோ ஒரு குன்றின் மண்ணை. நாங்கள் கைத்துளைப்பான் கொண்டு இறங்கியபோது கிராவலுக்குக் கீழே இரண்டு மீட்டர் வரை செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, பாலித்தீன் பைகள். அதற்கும் கீழேதான் சதுப்பு நிலத்துக் கருங்களி.

அந்தக் குப்பை அங்கே எப்படி வந்தது என்பதற்கு விடை, கழிவு பற்றிய அத்தியாயத்திலேயே இருந்தது. பன்னிரண்டாயிரம் சதுர மீட்டர் பரப்பில் ஏழு மீட்டர் தோண்டினால் 84,000 கன மீட்டர் மண் வெளியே வரும். டிப்பர் ஒன்றுக்குப் பத்து கன மீட்டர் என்றாலும் 8,400 நடை, வெட்டிய மண் உப்பும் என்பதால் அதற்கும் மேல். இவ்வளவும் போகும் இடமாக அறிக்கை சொன்னது, "தாழ்வான பகுதிகளை நிரப்பப் பயன்படுத்தப்படும்" என்ற ஒற்றை வரி. தென்சென்னையில் தாழ்வான பகுதி என்றால் ஏரி, ஓடை அல்லது 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். முன்பு யாருடைய அறிக்கையிலோ இருந்த இதே வரிதான் இந்த மனைக்குள் இரண்டு மீட்டர் இடிபாடாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

கழிவுநீர்க் கணக்கிலும் மாதம் குறுக்கிடுகிறது. வீட்டுக்கு ஐவர், ஆளுக்கு 135 லிட்டர் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 3,37,500 லிட்டர் நீர் செலவாகும். அதில் எண்பது விழுக்காடு, அதாவது 2,70,000 லிட்டர், கழிவாகத் திரும்பும். சுத்திகரித்த நீரில் கழிப்பறைக்கு ஆளுக்கு 45 லிட்டர் போக, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர் எஞ்சும். அறிக்கை அதை மூவாயிரம் சதுர மீட்டர்ப் பூங்காவுக்கு ஒதுக்கியிருந்தது. நாள்தோறும் 50 மில்லிமீட்டர் மழை பெய்வதற்கு அது சமம். கோடையிலேயே செடிகள் அழுகும். டிசம்பரில் அந்த நீர் மழைநீர் வடிகாலில் இறங்கிச் சதுப்பு நிலத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவை. ஆனால் இவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே, வீடு வாங்குபவரும் அக்கம்பக்கத்தாரும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடி, துளையிட்ட தேதி, மாதிரி எடுத்த ஆழம், மண்ணும் மிகுநீரும் போய்ச்சேரும் இடம் ஆகிய மூன்றையும் தாங்களே பார்ப்பது நல்லது.

நான் சொன்ன திட்டத்தில், டிசம்பர் அளவைக் கண்ட கட்டுநர் கீழ்த்தளம் ஒன்றைக் கைவிட்டு வாகன நிறுத்தத்தில் பாதியைத் தூண்தளத்துக்கு, அதாவது தரைமட்டத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் தளத்துக்கு, மாற்றினார். டிப்பர் நடையும் பாதியாகக் குறைந்தது. எஞ்சும் ஒன்றரை லட்சம் லிட்டருக்கான பொதுக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு எந்த ஆண்டில் கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். அதற்கு எழுத்தில் பதில் வரவில்லை.