ஒலி கேட்கவில்லை என்றால் விமானம் அங்கே இல்லையா?

2009 ஜூன் 1 அதிகாலையில், ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே காணாமல்போனது. உள்ளே 228 பேர் இருந்தார்கள். சில நாட்களில் மிதந்துகொண்டிருந்த பாகங்களும் உடல்களும் கிடைத்தன. விமானத்தின் பெரும்பகுதியும் கருப்புப் பெட்டிகளும் மட்டும் கிடைக்கவில்லை. விமானம் கடைசியாக அனுப்பிய இருப்பிடம் தெரியும். அதற்குப் பிறகு அது எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று கணக்குப் போட்டால், 74 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டம் வருகிறது. பரப்பளவு 17,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

கருப்புப் பெட்டி ஒவ்வொன்றிலும் சின்ன ஒலிக்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தண்ணீரில் மூழ்கியதும் அது தானாகவே ஒலி எழுப்பத் தொடங்கும். அந்த விமானத்தில் இருந்த கருவிகளின் பேட்டரி குறைந்தது 30 நாள் தாங்கக்கூடியது. அந்த நாட்களுக்குள் கப்பல்கள் நீரடி ஒலிவாங்கிகளை இழுத்துக்கொண்டு கடலை அலசின. எதுவும் கேட்கவில்லை. கடைசி இருப்பிடத்தைச் சுற்றியுள்ள பகுதியில்தான் கேட்டுப் பார்த்தாயிற்றே, அங்கே இருக்க வாய்ப்பில்லை என்று தேடல் வேறு பக்கம் நகர்ந்தது. 2009 ஆகஸ்டில், ஒலியலைகளை அனுப்பி அவை எதிரொலிப்பதை வைத்துக் கடலடியைப் பார்க்கும் சோனார் கருவியை வைத்துத் தேடினார்கள், 2010 ஏப்ரல், மே மாதங்களிலும் தேடினார்கள். பலன் இல்லை.

இங்கே கையில் இருந்த ஆதாரம் என்ன? ‘ஒலி கேட்கவில்லை’ என்பது மட்டும்தான். ‘விமானம் அங்கே இல்லை’ என்பது ஆதாரம் ஆகாது, அது முடிவு. ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போக நடுவில் ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது: விமானம் இருந்திருந்தால், கருவி ஒலித்திருக்கும், நமக்கும் கேட்டிருக்கும். அந்த நம்பிக்கையில் தவறு சொல்ல முடியாது. இதற்காகவே செய்யப்பட்ட கருவிகள், அதுவும் இரண்டு இருந்தன. ஆனாலும் அது நம்பிக்கைதான்.

2010-ல் பிரெஞ்சு விபத்துப் புலனாய்வு அமைப்பு, மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னது. அவர்கள் கடற்பகுதியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விமானம் இருப்பதற்கான நிகழ்தகவைக் குறித்தார்கள். அப்புறம் அதுவரை நடந்த ஒவ்வொரு தேடலின் விளைவையும் அதன்மேல் ஏற்றினார்கள். அந்தக் கணக்கு எப்படி நடக்கும் என்பதை எளிய எண்களில் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

விமானம் ஒரு பகுதியில் இருப்பதற்கு 40 சதவீத வாய்ப்பு, மற்ற இடங்களில் இருப்பதற்கு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியில் கேட்டுப் பார்த்தோம், ஒலி இல்லை. அங்கே இருந்தால் ஒலி கேட்க 90 சதவீத வாய்ப்பு உண்டு என்று கருவியை நம்பினால், கேட்காமல் போக 10 சதவீதம்தான். ஆக 40, 4 ஆகச் சுருங்குகிறது. மற்ற இடங்களின் 60 அப்படியே நிற்கிறது. மொத்தம் 64-ல் 4, அதாவது சுமார் 6 சதவீதம். சரி, கருவியின் மீது 50 சதவீத நம்பிக்கைதான் என்றால்? 40, 20 ஆகிறது. 80-ல் 20, அதாவது 25 சதவீதம். கருவி செத்துவிட்டது என்று கொண்டால் 40 சதவீதம் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஒலிக்காத கருவியின் மௌனம் எதையும் சொல்வதில்லை. மூன்று கணக்கிலும் ஆதாரம் ஒன்றேதான்.

இரண்டு கருவிகளும் பழுதாகியிருந்தால் என்ன ஆகும் என்றும் மெட்ரான் குழு ஒரு வரைபடம் போட்டது. அதில், ஏற்கெனவே கேட்டுப் பார்த்து ஒதுக்கிவைத்த இடம், கடைசி இருப்பிடத்துக்கு அருகிலுள்ள பகுதி, மீண்டும் மேலே வந்தது. கட்டுப்பாட்டை இழந்த விமானங்கள் பெரும்பாலும் சிக்கல் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கின்றன என்ற பழைய விபத்துத் தகவலும் அதற்கு ஒத்துப்போனது. 2011 ஏப்ரல் 3-ம் தேதி, புதிய தேடல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் விமானம் கிடைத்தது. கடைசி இருப்பிடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது.

இந்தக் கணக்குமுறையின் வேர் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. தாமஸ் பேய்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகர் அதை எழுதிவைத்துவிட்டு, வெளியிடாமலேயே 1761-ல் இறந்துபோனார். அவருடைய காகிதங்களில் அதைக் கண்டெடுத்துச் செம்மைப்படுத்தி, 1763-ல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் பார்வைக்குக் கொண்டுபோனவர் ரிச்சர்ட் பிரைஸ். அவரும் போதகர்தான்.

பிரைஸுக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. அற்புதம் நடந்தது என்று யாராவது சாட்சி சொன்னால், அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால் மட்டுமே நம்ப வேண்டும் என்று 1748-ல் தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுதியிருந்தார். பிரைஸ் பதில் சொன்னார்: லாட்டரியில் இன்ன எண்ணுக்குப் பரிசு விழுந்தது என்று பத்திரிகையில் வந்தால் தயங்காமல் நம்புகிறோம், குறிப்பிட்ட அந்த எண்ணுக்கு விழும் வாய்ப்போ மிக மிகச் சிறியது. நியாயமான வாதம். பரிசு அந்த எண்ணுக்கு விழாமலேயே, பத்திரிகை தவறுதலாகச் சரியாக அதே எண்ணை அச்சிட்டிருக்கும் வாய்ப்பு இன்னும் சிறியது. அதனால்தான் நம்புகிறோம். ஆனால் இதே வாதம் அற்புதங்களைக் காப்பாற்றிவிடாது என்பது என் கருத்து. ஏதோ ஓர் எண்ணுக்குப் பரிசு விழுந்தே தீரும். அற்புதம் நடந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கருத்து எதுவானாலும், இருவரும் ஒரே தராசைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டில், ‘இது உண்மையானால் நான் காண்பதைக் காண எவ்வளவு வாய்ப்பு?’ மறு தட்டில், ‘இது உண்மையில்லாவிட்டாலும் இதையே காண எவ்வளவு வாய்ப்பு?’ நாம் பெரும்பாலும் மறந்துபோவது இரண்டாவது கேள்வியை. கஷாயம் குடித்தேன், ஒரு வாரத்தில் சளி போய்விட்டது என்கிறோம். குடிக்காவிட்டாலும் சளி ஏறக்குறைய அதே நாட்களில்தான் போகும். இரண்டு தட்டும் சமம். இப்படிப் பத்துப் பேர் சொன்னாலும், நூறு பேர் சொன்னாலும் தராசு அசையாது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பவே கவலைப்பட வைக்கிறது. ஒரே செய்தியைக் கேட்ட இருவர் எதிரெதிர் திசையில் நகர்வதைத் தினமும் பார்க்கிறோம். தடுப்பூசி பாதுகாப்பானது என்று அரசு அறிவிக்கிறது. அரசு பெரும்பாலும் உண்மை சொல்லும் என்று நினைப்பவர் நிம்மதியடைகிறார். அரசு மறைக்கும் என்று நினைப்பவருக்கு அதே அறிவிப்பு சந்தேகத்தைக் கூட்டுகிறது. இரண்டாமவரை முட்டாள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர் தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால் அவர் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. வேறுபாடு அந்த ஒலிக்கருவி விஷயத்தில் இருந்தது போலவே, சொல்பவர் மீதான நம்பிக்கையில் இருக்கிறது. அதே இடத்திலிருந்து இன்னும் பத்து அறிவிப்புகளைக் கொட்டினால் பிளவு பெரிதாகத்தான் செய்யும். அவர் நம்பும் ஊர் நர்ஸ், தன் குழந்தைக்கும் போட்டேன் என்று சொன்னால் அந்த ஒரு வார்த்தை அவரை நகர்த்தக்கூடும்.

பேய்ஸின் கணக்கில் இரண்டு எண்கள் ஆபத்தானவை: பூஜ்யமும் நூறும். ஒன்றுக்குப் பூஜ்யம் வாய்ப்பு என்று தொடங்கினால், எத்தனை ஆதாரத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும். நூறு என்று தொடங்கினாலும் அப்படியே, எதுவும் அதைக் குறைக்காது. புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி இந்த எச்சரிக்கைக்கு ‘குரோம்வெல் விதி’ என்று பெயர் வைத்தார். 1650-ல் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் தவறாக இருக்கவும் கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என மன்றாடியிருந்தார்.

அப்படியானால் கடவுள் நம்பிக்கை? பிரார்த்தனையில் ஒருவருக்குக் கிடைக்கும் ஆறுதலையும், வாழ்வுக்கு அவர் காணும் பொருளையும் இந்தத் தராசில் ஏற்ற முடியாது. உண்மையானால் இது தெரியும், பொய்யானால் அது தெரியும் என்று அவை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆனால் இந்தத் தீர்த்தம் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஒருவர் சொன்னால், அது உலகத்தைப் பற்றிய கூற்று. தராசில் ஏற வேண்டும். பக்தியைக் கேள்வி கேட்கலாமா என்று கேட்டு அந்தக் கூற்றைக் காப்பாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை நம்பி இன்சுலினை நிறுத்தும் ஒரு குழந்தையின் உடல், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போய்விடும்.

பேய்ஸின் கட்டுரைக்கு எழுதிய பின்னிணைப்பில் பிரைஸ் சூரிய உதயத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்தார். உலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் சூரியன் மறைந்து திரும்ப உதிப்பதைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் நம்பிக்கை வளர்கிறது, பத்து லட்சம் முறை பார்த்தபின் அது பிரம்மாண்டமாகிவிடுகிறது. ஆனாலும் எத்தனை முறை உதித்தாலும் முழு நிச்சயம் மட்டும் வந்துவிடாது என்று பிரைஸ் எழுதினார். அற்புதங்களுக்காக வாதாடிய அதே போதகர்தான் அவர்.