பிங் போகிறது, ஃபைல் போகவில்லை

சர்வரின் நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு எரிகிறது. 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தியான பிங் அடித்தால் பதில் வருகிறது. பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. பலரும் முதலில் கேபிளை மாற்றுவார்கள், அடுத்து சுவிட்சைத் திட்டுவார்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல் சந்தேகம் கடைசியில்தான் வரும்.

விளக்கை நம்பிப் பயனில்லை. கார்டின் சிப்பும் சுவிட்சும் தமக்குள் வேகத்தைப் பேசி முடித்தாலே அது எரிந்துவிடும். டிரைவரின் வேலையே வேறு. அனுப்ப வேண்டிய தரவு மெமரியில் எங்கே இருக்கிறது என்பதை, வட்டமாகச் சுழலும் ஒரு வரிசையில் அது குறித்து வைக்கும். கார்டு தரவைத் தானே எடுத்து அனுப்பிவிட்டு, 'முடிந்தது' என்று தெரிவிக்கும். அந்தத் தகவல் வராவிட்டால் வரிசை நிரம்பி எல்லாம் உறைந்துவிடும். லினக்ஸ் சில நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் மையப்பகுதியின் பதிவேடான கெர்னல் லாகில் 'நெட்டெவ் வாட்ச்டாக்' என்று ஒரு வரி எழுதும். அதைப் பார்த்ததும் டிரைவர் மேல் பழி போட்டுவிட வேண்டாம். சுவிட்ச் ஓயாமல் 'நிறுத்து' என்று சொன்னாலும் அதே வரி வரலாம்.

சரி, பிங் மட்டும் எப்படிப் போகிறது? லினக்ஸில் அது வழக்கமாகச் சுமக்கும் தரவு வெறும் 56 பைட். ஃபைல் அப்படியல்ல. சிபியு அதைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டாமல், 64 கேபி வரையுள்ள பெரிய துண்டாகவே கார்டிடம் தள்ளிவிடும். 1500 பைட்டுக்குள் அடங்கும்படி வெட்டுவதும் ஒவ்வொன்றுக்கும் செக்சம் (தரவு கெட்டதா என்று சரிபார்க்க உதவும் எண்) போடுவதும் கார்டின் பொறுப்பு. இதற்குப் பெயர் டிஎஸ்ஓ (டிசிபி செக்மென்டேஷன் ஆஃப்லோட்). இந்த வெட்டும் கணக்கில் டிரைவரோ கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோ பிசகினால் பெரிய தரவு மட்டும் கெடும். மறுமுனை அதைத் தூக்கி எறியும், தரவு போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி மறுபடி அனுப்பும், அதுவும் கெடும்.

எனவே கார்டின் அமைப்புகளை மாற்றும் எத்டூல் கட்டளையால் டிஎஸ்ஓவை மட்டும் அணைத்துவிட்டு அதே ஃபைலை அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால் கேபிள் நிரபராதி. சிபியுவுக்குச் சுமை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். செக்சம் போடும் வேலையைக் கார்டிடம் விடும் செக்சம் ஆஃப்லோடை அடுத்ததாகத்தான் தொட வேண்டும். அதை முதலில் அணைத்தால் டிஎஸ்ஓவும் கூடவே அணைந்து, எதில் கோளாறு என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை அனுப்பும் சர்வரிலேயே ஓட்டினால் செக்சம் தவறு என்று காட்டும். பதற வேண்டாம், கார்டு செக்சம் போடுவதற்கு முன்பே பிடித்த நகல் அது. மறுமுனையில் பிடித்துப் பாருங்கள்.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வந்த தொல்லை என்றால் பழைய கெர்னலில் பூட் செய்வதே விரைவான சோதனை. டிரைவரை மாற்றும் முன் சர்வரின் நேரடித் திரையான கன்சோல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரை இறக்கும் கணத்திலேயே, நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துவிடும்.