டிரம்மைத் திறந்து பாருங்கள், டிஸ்க்கைப் பற்றி அப்புறம் பேசலாம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "பின்னாடி டிரம்மைத் தூக்கிட்டு டிஸ்க் போட்டுடலாமா?" டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மை, ஷூ எனப்படும் வளைந்த கட்டைகள் உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும். டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் இறுகப் பிடித்து நிறுத்தும். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால், பிரேக் பெடல் ரொம்பக் கீழே போகிறது என்பார்கள். இல்லாவிட்டால், ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்தாலும் சரிவில் வண்டி நகர்கிறது என்பார்கள். பெரும்பாலும் கோளாறு டிரம் என்ற அமைப்பில் இருக்காது. சக்கரத்துக்குள் ஒளிந்திருப்பதால் அதை வருடக்கணக்கில் யாரும் திறந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. எஞ்சின் முன்னால் இருக்கும் சிறிய கார்களில் நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், முன்சக்கரங்களுடையது. பின்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆனால் வால் ஒதுங்கி வண்டி சுற்றிவிடும். அதனால் பின்பிரேக்கின் பலத்தை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

டிரம் வர மறுத்தால் சுத்தியலால் விளாசாதீர்கள். ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்மின் உள்விளிம்பில் ஒரு மேடு எழும்பியிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு இழுங்கள். பல டிரம்களில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டை அவற்றில் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும்.

உள்ளே கொட்டிக்கிடக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்துத் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

அடுத்து, பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர். இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் தெரிந்தால் சிலிண்டர் போய்விட்டது. அந்த ஆயில் ஷூவில் பட்டிருந்தால் ஷூவும் போனதுதான். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. லைனிங் குடித்த ஆயில் சூடேறியதும் திரும்பக் கசியும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஷூவை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம் எந்த விட்டம் வரை தேயலாம் என்பதை அதன் மேலேயே பதித்திருப்பார்கள். லேத்தில் கடைந்தபின் அந்த அளவைத் தாண்டினால் புது டிரம்தான்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற குழப்பம் வந்தால் பார்த்து மாட்ட ஒரு மாதிரி இருக்கும். பல வண்டிகளில் அட்ஜஸ்டரின் மரை இடப்பக்கத்துக்கு ஒரு விதமாகவும் வலப்பக்கத்துக்கு வேறு விதமாகவும் இருக்கும். மாறிப்போனால் ஷூ தேயத் தேய நெருங்குவதற்குப் பதில் விலகிப்போகும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்றதும் கேபிளை இறுக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கேபிள் இழுபட்டே நின்றால் ஷூ தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. பல அமைப்புகளில் தானியங்கி அட்ஜஸ்டரும் வேலை செய்யாது. முதலில் கேபிளைத் தளர்த்தி, டிரம் லேசாக உரசிக்கொண்டே சுற்றும் அளவுக்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்து, பெடலைச் சில தடவை மிதித்து, கடைசியில்தான் கேபிளைத் தொட வேண்டும்.

பிரேக் ஆயிலையும் இதோடு மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ரப்பர் ஹோஸ் உப்பியிருந்தால் அதற்கும் விடை கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க் வேண்டுமென்றால், டிஸ்க்கும் அதை இறுகப் பிடிக்கும் காலிப்பரும் வாங்கினால் மட்டும் போதாது. காலிப்பருக்கு அதிக ஆயில் தேவை, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவையும் தள்ளுமா என்று பார்க்க வேண்டும். சில பழைய வண்டிகளில் டிரம்முக்காக லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதை விட்டுவைத்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு, ஹேண்ட்பிரேக்குக்குத் தனி ஏற்பாடு, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அதன் சென்சார், சட்டப்படி அனுமதி என்று பட்டியல் நீளும். உங்கள் மாடலிலேயே உயர்ரக வண்டிக்குக் கம்பெனி பின்டிஸ்க் கொடுத்திருந்தால், அந்த செட்டை முழுசாக எடுத்துப் போடுவது ஓரளவு நியாயம். பின்பிரேக்கின் பலத்தைக் கூட்டப் பெரிய துளையுள்ள வீல் சிலிண்டர் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. ஈரச் சாலையில் அந்த வண்டியின் பின்சக்கரம்தான் முதலில் லாக் ஆகும்.

புது ஷூ போட்டதும் போக்குவரத்து இல்லாத இடத்தில் மிதமான வேகத்தில் பலமுறை மெதுவாகப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள். லைனிங் டிரம்மோடு படிந்த பிறகு ஹேண்ட்பிரேக் லிவர் முன்பைவிட மேலே வரும். அப்போது ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.